தாதியர் பேசக் கூடாது

பலெர்மோ நகரின் தெற்கே ஒரேத்தோ என்றொரு சிற்றாறு ஓடிக் கடலில் கலக்கிறது. சுமார் இருபது கிலோமீட்டர் நீளம்தான். நோர்மன் மன்னர் இரண்டாம் ரொஜேரோவின் கடற்படைத் தலைவர் அந்தியோக்கியா ஜார்ஜ் 12ஆம் நூற்றாண்டில் அதன்மேல் கட்டிய கல்பாலம் இன்றும் நிற்கிறது. ஆற்றைத்தான் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் இப்போது புல்தரை. அந்தப் பாலம் கட்டி அறுபது சொச்சம் ஆண்டுகள் கழிந்து, 1198இல், பலெர்மோவில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு முடிசூட்டினார்கள். தந்தை முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். தாயும் அந்த ஆண்டு முடிவதற்குள் போய்விட்டார். அதன் பிறகு பத்து ஆண்டுகள், குழந்தை யார் கையில் இருக்கிறதோ சிசிலி அவர் கையில் என்ற நிலை. குழந்தையின் பெயரில் ஆணைகள் போயின. குழந்தையை யாரும் கேட்கவில்லை.

அந்தக் குழந்தைதான் பின்னாளில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக். பல மொழிகள் அறிந்தவர். வல்லூறு வேட்டையைப் பற்றி அவர் எழுதிய நூலைப் பறவையியலாளர்கள் இன்றும் மதிக்கிறார்கள். நூல்களில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் ஆள். 1250இல் இறந்தார். பலெர்மோ தேவாலயத்தில் செம்பளிங்குப் பேழையில் கிடக்கிறார்.

குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு என்று வரலாற்றில் பதிவான மிகக் கொடிய கதைகளில் ஒன்று இவர் பெயரில்தான் இருக்கிறது. எழுதியவர் சலிம்பெனே என்ற ஃபிரான்சிஸ்கன் துறவி. மனிதன் யாரிடமும் கேட்காமல் தானாகவே பேசும் மொழி எது என்று பேரரசருக்குத் தெரிய வேண்டியிருந்ததாம். ஹீப்ருவா, கிரேக்கமா, லத்தீனா, அரபியா, இல்லை பெற்றோரின் மொழியா? சில பச்சிளங்குழந்தைகளைத் தாதியரிடம் ஒப்படைத்தார். பாலூட்டலாம், குளிப்பாட்டலாம், ஆனால் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கொஞ்சக் கூடாது என்பது உத்தரவு. விடை கிடைக்கவில்லை, குழந்தைகள் எல்லாம் இறந்துவிட்டன. கைதட்டலும் சிரித்த முகமும் கொஞ்சலும் இல்லாமல் அவற்றால் உயிர்வாழ முடியவில்லை என்பது துறவி சொல்லும் காரணம்.

நடந்ததா என்பது ஐயத்துக்கு இடமானது. சலிம்பெனே இதை எழுதியது பேரரசர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு. அவரைக் கடுமையாகக் குறைகூறியவரும்கூட. இதே போன்ற கதையை எகிப்திய மன்னன் ஒருவனைப் பற்றி ஹெரடோட்டஸ் முன்பே சொல்லியிருக்கிறார். நம் பக்கமும் உண்டு: அக்பர் குழந்தைகளை ஒரு தனி மாளிகையில் பேச்சுச் சத்தமே இல்லாமல் வளர்க்கச் செய்தார், 1582இல் போய்ப் பார்த்தபோது அவர்களிடம் பேச்சே இல்லை. ஊமை மாளிகை, குங் மஹால், என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. ஏறக்குறைய இருபது குழந்தைகள் என்கிறார் அக்பர் கால வரலாற்றாசிரியர் பதாயுனி.

பலெர்மோ கதை பொய்யாகவே இருக்கட்டும். ஒரு கெட்ட ஆய்வுக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது. கேள்வி நல்ல கேள்வி. இன்றும் மொழியியலாளர்கள் கேட்பதுதான். கேட்டவர் புத்திசாலி. தடுக்கக்கூடிய பெற்றோர் அருகில் இல்லை. எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்று யாரும் முன்கூட்டி முடிவு செய்யவில்லை. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது அந்தத் தாதியர். குழந்தை வாடுவதை நாள்தோறும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்கள் வாயைத்தான் முதலில் கட்டினார்கள்.

பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் வெளியிட்ட ஆய்வு உளவியல் படித்த எல்லோருக்கும் தெரியும். பதினோரு மாதக் குழந்தை வெள்ளெலியைத் தொடப்போகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இரும்புத் தண்டில் சுத்தியலால் அடித்தார்கள். சில நாட்களில் எலியைக் கண்டாலே அழுதது. அவர்களுக்கும் தயக்கம் இருந்தது. அதைக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். எப்படித் தங்களைத் தேற்றிக்கொண்டார்கள் தெரியுமா? மருத்துவமனைக் காப்பகத்தை விட்டு வீட்டுக்குப் போனால் இந்த மாதிரிப் பயங்கள் எப்படியும் அந்தக் குழந்தைக்கு வரத்தானே போகின்றன என்று. ஏற்றிய பயத்தை இறக்கும் வேலை நடக்கவே இல்லை. அதற்குள் குழந்தை மருத்துவமனையிலிருந்து போய்விட்டது. ‘எப்படியும் நடக்கத்தானே போகிறது’ என்ற சமாதானத்தை இன்றைய ஆய்வுத் திட்டங்களிலும் பார்க்கலாம், மொழி மட்டும் நாகரிகமாக இருக்கும்.

அதே பல்கலைக்கழகத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மேரி எய்ன்ஸ்வொர்த் ஒரு சோதனையை வடிவமைத்தார். ஒரு வயதுக் குழந்தையை அறிமுகமில்லாத அறையில் விட்டுத் தாய் வெளியே போகிறார், திரும்பி வருகிறார். தாய்–சேய் பிணைப்பை அளக்க இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுவது இதுதான். இதிலும் குழந்தை அழத்தான் செய்கிறது. ஆனால் பிரிவு மூன்று நிமிடம் மட்டும். அதற்குள் குழந்தை தாங்க முடியாமல் அழுதால் மூன்று நிமிடம் வரை காத்திருக்க வேண்டாம், தாயை உடனே உள்ளே அனுப்பு என்பது செய்முறையிலேயே இருக்கிறது. தரவு குறைந்தாலும் குறையட்டும் என்று முதலிலேயே எழுதிவைத்த விதி. இந்தச் சோதனையையும் குறைசொல்பவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது, குழந்தையின் அழுகை இங்கே அளக்கப்படும் பொருளாகவும் இருக்கிறது, ஆய்வை நிறுத்தும் ஆணையாகவும் இருக்கிறது என்பதுதான்.

கொஞ்சலே இல்லாமல் வளர்ந்தால் குழந்தைக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஏழு நூற்றாண்டுகள் கழித்து விடை கிடைத்தது. கிடைத்த விதம் வேறு.

1989இல் சௌஷெஸ்கு ஆட்சி விழுந்தபோது ருமேனியாவின் அநாதை இல்லங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். சோறு உண்டு, துணி உண்டு. எடுத்து வைத்துக்கொள்ள ஆள் இல்லை. பத்து ஆண்டுகள் கழிந்தும் இல்லங்கள் தொடர்ந்தன. இல்லத்தைவிட வளர்ப்புக் குடும்பம் நல்லதா என்பதில் அங்கே அதிகாரிகளிடையே உண்மையாகவே கருத்து வேறுபாடு இருந்தது. சார்லஸ் நெல்சன், நாதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் புக்காரெஸ்டின் ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்தார்கள். எல்லோரும் மூன்று வயதுக்கும் கீழே. குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மீதிப் பாதி வழக்கம்போல இல்லத்தில்.

இதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தால் அது இயல்புதான். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. குடும்பம் நல்லது என்று தெரிந்துகொண்டே பாதிக் குழந்தைகளை விட்டுவிடுவதா? ஆனால் திட்டத்தை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அப்போது புக்காரெஸ்டில் அரசு வளர்ப்புக் குடும்பம் என்பது பெயரளவுக்குத்தான் இருந்தது. ஆய்வுதான் குடும்பங்களைத் தேடிப் பயிற்சியும் பணமும் கொடுத்து அந்த வாய்ப்பையே உருவாக்கியது. குலுக்கலில் இல்லத்துக்கு விழுந்த குழந்தையை ஆய்வுக்காக இல்லத்திலேயே பிடித்துவைக்கவில்லை: பெற்றோர் திரும்பி வந்தாலோ, தத்துக் கொடுக்க வழி பிறந்தாலோ, அரசே பின்னாளில் வளர்ப்புக் குடும்பம் தேடிக்கொடுத்தாலோ குழந்தை போகலாம். அந்த முடிவு ருமேனியக் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புகளுடையது. ஆய்வாளர்கள் குறுக்கே வரக் கூடாது. பலர் அப்படிப் போகவும் செய்தார்கள். குழுக்கள் கலந்தன, கணக்கு சிக்கலானது, அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வுப் பணம் முடிந்ததும் குழந்தைகளைத் திருப்பி அனுப்பாமல், குடும்பங்களுக்கான செலவை உள்ளூர் அரசுகள் எடுத்துக்கொள்ள ஏற்பாடு இருந்தது.

நான்கரை வயதில் அளந்த சராசரி நுண்ணறிவு எண்: இல்லக் குழந்தைகளுக்கு 73, வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு 81, இல்லத்தையே பார்க்காத புக்காரெஸ்ட் குழந்தைகளுக்கு 109. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களே அதிகம் மீண்டார்கள். 2007இல் இது ‘சயின்ஸ்’ இதழில் வந்தபோது, இந்த ஆய்வு அறத்துக்கு உட்பட்டதுதானா என்று விவாதிக்கும் ஒரு கட்டுரையையும் அதே இதழ் வெளியிட்டது. இதற்குள், 2004இல், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதைக் கடுமையான ஊனம் உள்ளவர்கள் தவிர மற்றவர்களுக்கு ருமேனியா சட்டம் போட்டுத் தடுத்திருந்தது.

இருந்தும் ஒரு முள் இருக்கிறது. அந்த 136 குழந்தைகளுக்காக ‘சரி’ சொன்னது அரசு அமைப்புகள். இத்தனை ஆண்டுகள் அந்தக் குழந்தைகளை இல்லத்தில் வைத்திருந்ததும் அரசு அமைப்புகள்தான். குழந்தைக்காக யார் ‘சரி’ சொல்வது என்பதை ஒரு கையெழுத்தோடு முடித்துவிட முடியாது. இதைப் பார்க்க நாம் மீண்டும் பலெர்மோவுக்குத்தான் வர வேண்டும். இந்த முறை நம் ஆட்களிடம்.

பலெர்மோவில் ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1980களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். பெரும்பாலும் வீட்டு வேலை, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நகரின் காவல் புனிதை ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் பெல்லெக்ரீனோ மலையேறிப் போகும் கூட்டத்தில் தமிழ்க் கத்தோலிக்கர்களும் இருப்பார்கள், நெற்றியில் திருநீறோடு சைவர்களும் இருப்பார்கள். இத்தாலியில் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கான காப்பகம் ‘நிதோ’. அதில் இடம் கிடைப்பதில் நாட்டிலேயே மிகப் பின்தங்கிய பகுதிகளில் ஒன்று சிசிலி. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு அந்த இடம் எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரேத்தோ சாலைப் பக்கம் அப்படியொரு நிதோ என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தமிழும் வெளியே இத்தாலியமும் கேட்டு வளரும் குழந்தைகள் எப்படிப் பேசத் தொடங்குகிறார்கள் என்று ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் பதிவு செய்ய வருகிறார். அருமையான கேள்வி. பல்கலைக்கழகத்தின் அறக்குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது. நகராட்சி கொடுத்துவிட்டது. நிதோவின் பொறுப்பாளர் கொடுத்துவிட்டார். மாலையில் பிள்ளையை எடுக்க அவசரமாக வரும் தாயிடம் ஆசிரியை நான்கு பக்க இத்தாலியப் படிவத்தை நீட்டுகிறார். தாய் வெளியே நிற்கும் இன்னொரு தமிழ்ப் பெண்ணிடம் கேட்கிறார்: “அக்கா, இதில கையெழுத்து வைக்காட்டில் பிள்ளையின்ர இடம் போயிடுமோ?”

அந்தக் கேள்வி வந்துவிட்டாலே, படிவத்தில் என்ன எழுதியிருந்தாலும், கிடைப்பது சம்மதம் ஆகாது. ‘பங்கேற்பது உங்கள் விருப்பம்’ என்ற வரி மூன்றாம் பக்கத்தில் கிடக்கும். செய்ய வேண்டியது என்ன? படிவத்தைக் கொடுப்பவர் ஆசிரியையாக இருக்கக் கூடாது. யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் போடவில்லை என்பது நிதோவுக்குத் தெரியவே கூடாது. தமிழில், அதுவும் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில், உட்கார்ந்து விளக்க ஒருவர் வேண்டும். அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். அவர் அந்தத் தாயின் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. இத்தாலியில் பெரும்பாலும் பெற்றோர் இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். தகப்பன் வேறு நாட்டில் வேலையில் இருந்தால்? அந்தக் குழந்தைகளை ஒட்டுமொத்தமாக விட்டுவிடுவது எளிது; ஆனால் அப்படி விட்டால், புலம்பெயர்ந்த குடும்பங்களைப் பற்றிய ஆய்வில் பிரிந்து வாழும் குடும்பங்களே இருக்காது.

தமிழ்நாட்டிலும் இதே கணக்குதான், பெயர்கள்தான் வேறு. அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கும் தாய், டீச்சர் காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பார். சில ஆண்டுகளுக்கு முன் அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளீதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் மாநில அரசோடு சேர்ந்து 320 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். குலுக்கலில் வந்த 160 மையங்களுக்கு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாகக் கிடைத்தார். சுமார் ஒன்றரை ஆண்டில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது; கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள்; ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. மற்ற 160 மையங்களிலிருந்து எதையும் பிடுங்கவில்லை. எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இல்லாத இடத்தில் குலுக்கல் என்பது, செல்வாக்கு உள்ள ஊருக்கு முதலில் கொடுப்பதைவிட நியாயமானது. இதை நான் ஏற்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட பெரிய ஆய்வுகளில், மூன்று வயதுப் பிள்ளை முன்னால் அறிமுகமில்லாத ஒருவர் படங்களோடு உட்கார்ந்து கேள்வி கேட்கும் அந்தப் பத்து நிமிடம் புள்ளிவிவர அட்டவணைக்குள் வருவதில்லை. பிள்ளைக்கு அன்றைய நாளே அதுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி ஏழு வயதிலிருந்துதான் பிள்ளையின் இசைவைக் கேட்டுப் பெற வேண்டும். அதற்குக் கீழே பெற்றோரின் சம்மதம் போதும். பலர் இதை, ஏழு வயதுக்குக் கீழே பிள்ளையைக் கேட்க வேண்டாம் என்று படித்துவிடுகிறார்கள். குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு தன் கருத்தைச் சொல்லும் உரிமைக்கு வயது வரம்பு எதுவும் வைக்கவில்லை. பேச்சு வராத குழந்தைக்கும் அது பொருந்தும் என்று ஐ.நா. குழு 2005இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

இரண்டு வயதுப் பிள்ளை எப்படி மறுக்கும்? ‘வேண்டாம்’ என்று சொல்வது அபூர்வம். முதுகைக் காட்டும். பொம்மையை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போகும். ஒலிப்பதிவுக் கருவி வைத்துத் தைத்த சட்டையின் பொத்தானை விடாமல் இழுக்கும். திடீரென்று சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்று மூன்றாவது முறையாகச் சொல்லும். நல்ல பிள்ளைகள்தான் ரொம்பக் கடினம்: பெரியவர் சொன்னால் செய்ய வேண்டும் என்று வளர்ந்த பிள்ளை, பிடிக்காவிட்டாலும் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும். நம் வீடுகளில் வளரும் பிள்ளைகள் பலர் அப்படித்தான். ஆய்வாளருக்கு அது ஒத்துழைப்பாகத் தெரியும். தெரிந்தவர் பார்த்தால் தோள் இறுகியிருப்பது தெரியும். அந்தத் தெரிந்தவர் யார்? ஆசிரியை, ஆயா, அம்மம்மா. ஆகவே எந்த நேரத்திலும் ‘இன்றைக்குப் போதும்’ என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இருக்க வேண்டும். அதற்குக் காரணம் கேட்கக் கூடாது. திட்டம் எழுதும்போதே, தாதியர் பேசலாம் என்று எழுதிவிட வேண்டும்.

இத்தாலிய நிதோக்களில் இதற்கு உதவும் நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. புதிதாகச் சேரும் குழந்தையை முதல் நாளே விட்டுவிட்டுப் போக முடியாது. தாயோ தகப்பனோ கூடவே உட்காருவார். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்து கொஞ்சம் வெளியே போய் வருவது, இப்படி ஒன்றிரண்டு வாரம் போகும். ‘அம்பியெந்தமெந்தோ’ என்பார்கள். ஆய்வாளரும் இதற்கு உட்பட வேண்டும் என்பது என் கட்சி. முதல் வாரம் கேமரா வேண்டாம், குறிப்பேடும் வேண்டாம், தரையில் உட்காரட்டும். இரண்டாம் வாரம் கருவிகளைக் கொண்டுவந்து பிள்ளைகள் கையில் கொடுக்கட்டும். எச்சில் படும், ஒன்று உடையும். அதற்கும் செலவுக் கணக்கில் இடம் விட வேண்டும். இங்கிலாந்தில் அலிசன் கிளார்க்கும் பீட்டர் மாஸும் 2001இல் வெளியிட்ட முறையில் கேமராவே பிள்ளைகளிடம்தான் இருந்தது. அவர்களுக்கு முக்கியமானதை அவர்களே படம் எடுத்தார்கள், ஆய்வாளரைக் கைபிடித்து அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டினார்கள். பலெர்மோ மாகாணத்திலேயே, பார்த்தினீக்கோ அருகே, சமூகச் செயற்பாட்டாளர் தனிலோ தோல்சி 1970களில் மீர்த்தோ கல்வி மையத்தைத் திட்டமிட்டபோது தாய்மார்களோடு பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்து எப்படிப்பட்ட பள்ளி வேண்டும் என்று கேட்டார்.

குழந்தையைக் கவனித்துப் பார்ப்பது என்றாலே இத்தாலியிலும் சென்னையிலும் மரியா மொண்டிசோரி பெயர்தான் வரும். 1907இல் ரோமின் சான் லொரென்ஸோவில் தொடங்கி, 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, போர் காரணமாகச் சிக்கி, 1946 வரை இந்தியாவில் இருந்தவர். பெரியவர் குறுக்கிடாமல் பார்க்க வேண்டும் என்பது அவர் பாடம். ஆனால் 1915இல் சான் ஃபிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறைக்குள் சுமார் முப்பது பிள்ளைகள் நான்கு மாதம் வேலை செய்ய, வெளியே கூட்டம் வேடிக்கை பார்த்தது. பிள்ளைகள் கூட்டத்தைக் கண்டுகொள்ளவே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். கண்டுகொள்ளவில்லை என்பதற்காகப் பார்க்கச் சம்மதித்தார்கள் என்று ஆகிவிடாது. இன்று அந்தக் கண்ணாடிச் சுவர் ஆசிரியை கையில் இருக்கும் செல்பேசியில் இருக்கிறது.

ஆய்வை எழுதும்போது பிள்ளையின் பெயரை மாற்றினால் போதும் என்ற நம்பிக்கையும் சின்னச் சமூகத்தில் உதிர்ந்துவிடுகிறது. ஒரேத்தோ பக்க நிதோவில், கூட்டுப்புழு போலப் போர்வைக்குள் சுருண்டுகொள்ளும் இரண்டரை வயதுத் தமிழ்ச் சிறுமி என்று எழுதினால், உலகத்துக்கு அவள் யாரோ. பலெர்மோத் தமிழர்களுக்கு இன்னார் பிள்ளை. ‘பேச்சு பிந்துகிறது’ என்ற ஒரு வரி ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். சின்னச் சமூகத்தில் ஊரையும் வயதையும் கலைத்தே எழுத வேண்டும். சில நல்ல உதாரணங்களை அச்சில் இழக்கத்தான் வேண்டும். மறுபக்கம், எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன் என்று வாக்குக் கொடுக்கவும் முடியாது. பிள்ளை உடம்பில் சந்தேகத்துக்கிடமான காயத்தைப் பார்த்தால் வாய்மூடி இருக்க முடியாது; பாலியல் குற்றமாக இருந்தால் இந்தியாவில் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரும் புகார் செய்தே ஆக வேண்டும். இதைத் தாயிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். சொன்னால் சிலர் விலகிவிடுவார்கள். விலகட்டும்.

கடைசியாக, பதிவுகள். இரண்டரை வயதுக் குரல் இருபது ஆண்டுகள் கழிந்தும் ஒரு கணினியில் இருக்கும். ஆய்வாளர் மாறிவிடுவார், வேறு நோக்கத்துக்கு வேறொருவர் கேட்பார். இத்தாலியச் சட்டத்தில் இணையச் சேவைகளுக்குத் தன் தரவைத் தருவது பற்றிப் பதினான்கு வயதில் பிள்ளையே முடிவெடுக்கலாம். அந்த வயதில் ஆய்வாளர் திரும்பிப் போய், ‘உன் குரல் எங்களிடம் இருக்கிறது, கேட்டுப் பார், வைத்துக்கொள்ளலாமா?’ என்று கேட்பதற்கு இப்போதே வழி செய்ய வேண்டும்: முகவரியைப் புதுப்பிக்க ஒரு ஆள், அந்த ஆண்டு வரை பணம், தொடர்பு கிடைக்காவிட்டால் எந்தத் தேதியில் அழிப்பது என்ற முடிவு. நிதி கேட்கும் விண்ணப்பத்தில் இந்த மூன்றுக்கும் இடம் இல்லையென்றால், ஆய்வுக்கு இருபது குழந்தைகள் என்று எழுதியிருப்பதைப் பன்னிரண்டாகக் குறைத்து இடம் உண்டாக்கலாம்.